பழைய வீட்டு ஷவர் கசிகிறதா? டைலை உடைக்கும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

குளியலறைக்குக் கீழே உள்ள சீலிங்கில் ஒரு பழுப்புக் கறை தெரிந்தால் போதும், ஆளாளுக்கு ஒரு வைத்தியம் சொல்வார்கள். "இடுக்கில் ஒயிட் சிமென்ட் அடைத்தால் நின்றுவிடும்" என்பார் ஒருவர். "எல்லா டைலையும் பெயர்த்துவிட்டுப் புதிதாகப் போடுங்கள்" என்பார் இன்னொருவர். பிளம்பரைக் கூப்பிட்டால் இது கொத்தனார் வேலை என்பார். கொத்தனாரைக் கூப்பிட்டால் பிளம்பரைக் கைகாட்டுவார். இதில் யாரும் பொய் சொல்லவில்லை. அவரவர் சொல்வது ஏதோ ஒரு வீட்டுக்குச் சரியாகத்தான் இருக்கும். உங்கள் வீட்டுக்கு எது பொருந்தும் என்று பார்க்காமலே வேலையைத் தொடங்கிவிடுவதுதான் சிக்கல்.

ஷவர் கசிவு என்று ஒரே பெயரில் பேசினாலும், அதற்குள் நான்கு தனித்தனிக் கோளாறுகள் இருக்கின்றன. நான்கும் சீலிங்கில் ஒரே மாதிரிக் கறையைத்தான் போடும். கறையின் இடத்தை விட, அது எப்போது ஈரமாகிறது என்பதில்தான் துப்பு கிடைக்கும். அந்த நேரக்கணக்கைப் பிடித்துக்கொண்டால், ஒரு டைலைக்கூடத் தொடாமல் பெரும்பாலான வீடுகளில் குற்றவாளியை அடையாளம் காணலாம்.

## டைல் தண்ணீரைத் தடுப்பதில்லை

மண்பானையில் தண்ணீர் ஊற்றி வைத்தால் சற்று நேரத்தில் வெளிப்புறம் ஈரமாகிறது. பானையில் ஓட்டை இல்லை, விரிசல் இல்லை. சுட்ட மண்ணுக்குள் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத துளைகள் வழியாகத் தண்ணீர் ஊர்ந்து வருகிறது, அவ்வளவுதான். உங்கள் ஷவர் சுவரிலும் தரையிலும் தினமும் நடப்பது இதேதான்.

டைல்களுக்கு நடுவில் விடும் இடுக்கை நிரப்பும் கலவைக்கு கிரவுட் என்று பெயர். சிமென்டால் ஆன கிரவுட் பார்க்கக் கெட்டியாக இருக்கும், நகத்தால் கீறினாலும் உதிராது. ஆனால் உள்ளே நுண்துளைகள் நிறைய. மெல்லிய துளைக்குள் தண்ணீர் தானாகவே இழுபடும். பக்கவாட்டில் போகும், கொஞ்ச தூரம் மேல்நோக்கிக்கூட ஏறும். இதை நுண்துளை ஈர்ப்பு என்பார்கள். துளை சிறுத்தால் இழுப்பு கூடும். அதனால்தான் தலைமுடி அளவு விரிசலைப் பார்த்து, "இதில் எவ்வளவு போய்விடப் போகிறது" என்று விட்டுவிடக் கூடாது. 

டைலின் பளபளப்பான மேற்பூச்சு தண்ணீரை விடாது, சரி. அடியில் உள்ள உடல் அப்படியல்ல. சுவருக்கு ஒட்டும் சாதாரண செராமிக் டைல் தன் எடையில் 10 சதவீதத்துக்கும் மேல் தண்ணீரைக் குடிக்கக் கூடியது. போர்சலைன் டைல் 0.5 சதவீதத்துக்கு மேல் குடிக்காது. ஆனால் போர்சலைன் ஒட்டிய ஷவரிலும் இடுக்கில் இருப்பது அதே கிரவுட்தான்.

அப்படியானால் தண்ணீரைத் தடுப்பது யார்? டைலுக்கும் அதன் அடியிலுள்ள சிமென்ட் படுக்கைக்கும் கீழே ஒரு நீர்த்தடுப்புப் படலம் இருக்க வேண்டும். தண்ணீர் ஊடுருவாத ஒரு விரிப்பு அல்லது பூச்சு அது. நாம் பேச்சுவழக்கில் வாட்டர்ப்ரூஃபிங் என்பது இதைத்தான். இடுக்கு வழியாக இறங்கும் தண்ணீரை அது பிடித்து, வடிகால் பக்கம் திருப்பிவிடும். தரையில் விரிந்திருப்பதோடு சுவர் ஓரத்தில் மடிந்து மேலே ஏறியும் இருக்க வேண்டும். அந்த மடிப்பு மூலைதான் பெரும்பாலும் முதலில் கிழிகிற இடம்.

பழைய வீடுகளில் இந்தப் படலத்துக்குப் பதில் என்ன இருக்கும் என்று சொல்லவே முடியாது. ஈயத் தகடு இருக்கலாம். சிமென்டின் காரம் பட்டுப் பட்டு அது அரித்துப்போயிருக்கும். தார் தோய்த்த விரிப்பு இருக்கலாம்; காய்ந்து அப்பளம் மாதிரி நொறுங்கும். அடர்த்தியான சிமென்ட் பூச்சை மட்டும் நம்பிக் கட்டியிருக்கலாம். ஒன்றுமே போடாமல் டைலை ஒட்டிய ஷவர்களும் உண்டு. அவையும் பல வருடம் கசியாமல் ஓடும். ஒருமுறை நனைவதற்கும் மறுபடி நனைவதற்கும் நடுவில் காய நேரம் கிடைத்தது, அதனால் தப்பித்தன. குடும்பம் பெருகிக் குளியல் கூடும்போது குட்டு வெளிப்படும்.

இதுவரை சொன்னதன் சாரம்: டைலும் கிரவுட்டும் வெளித்தோற்றம். தண்ணீர் அவற்றைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கடப்பது இயல்பு. கடந்த தண்ணீர் படலத்தில் நிற்காமல் மேலும் போகும்போதுதான் அது கசிவு.

## தண்ணீர் தப்பும் நான்கு வழிகள்

முதல் வழி, தண்ணீரைக் கொண்டுவரும் குழாய். சுவருக்குள் அழுத்தத்தோடு தண்ணீர் நிற்கும் பைப் இது. பழைய வீட்டில் துத்தநாகம் பூசிய இரும்புக் குழாயாக இருந்தால் உள்ளுக்குள்ளேயே துருப்பிடித்து, வெளியில் தெரியும்போது ஊசித்துளை விழுந்திருக்கும்.

இரண்டாவது, தண்ணீரைக் கொண்டுபோகும் வடிகால். தரையில் இருக்கும் சல்லடை மூடிக்குக் கீழே குழாய் இணைகிற இடமும், அதற்கடுத்த வளைவும் சந்தேகத்துக்குரியவை.

மூன்றாவது, இப்போது பார்த்த படலம். தரைப் படலம் ஒன்று, சுவர்ப் பகுதி ஒன்று என்று இதையே இரண்டாகப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

நான்காவது வழியைப் பலர் கணக்கிலேயே எடுப்பதில்லை. ஷவருக்கு வெளியே தெறிக்கும் தண்ணீர். கண்ணாடிக் கதவின் ஓரம், திரையின் அடிப்பக்கம், நுழைவில் இருக்கும் சிறு மேட்டின் மேற்பரப்பு ஆகியவை வழியாக வெளியேறி, நீர்த்தடுப்பே போடாத பக்கத்துத் தரையில் இறங்கிவிடும். வீட்டில் ஒரே ஒருவர் குளிக்கும்போது மட்டும் கீழே சொட்டுகிறது என்றால், சிரிக்காமல் அவர் எந்தப் பக்கம் திரும்பி நின்று குளிக்கிறார் என்று கேளுங்கள்.

இவை நான்கும் இல்லாத ஒரு போலிக் கசிவும் உண்டு. சூடான ஈரக்காற்று குளிர்ந்த சுவரிலோ குழாயிலோ பட்டு வியர்ப்பது. சுவரில் உள்ளங்கை அளவு அலுமினியத் தாளை வைத்து நான்கு ஓரமும் டேப் ஒட்டி ஒருநாள் விடுங்கள். வெளிமுகத்தில் ஈரம் என்றால் காற்றிலிருந்து வந்தது, உள்முகத்தில் ஈரம் என்றால் சுவருக்குள்ளிருந்து வந்த ஓதம்.

## கறையின் இடம் ஏமாற்றும், நேரம் ஏமாற்றாது

சீலிங்கில் கறை விழுந்த புள்ளிக்கு நேர் மேலே ஓட்டை இருக்கும் என்று நினைப்பது இயல்பு. ஆனால் தண்ணீர் கான்கிரீட் தளத்தின் மேலேயே சரிந்து ஓடும், மரச்சட்டத்தைப் பிடித்துக்கொண்டு போகும், மின்கம்பி செல்லும் குழாய்க்குள் நுழைந்து அடுத்த அறையில் விளக்கின் அருகே எட்டிப்பார்க்கும். எங்கே ஒரு பள்ளமோ விரிசலோ கிடைக்கிறதோ அங்கே விழும். ஆகவே கறைக்கு நேர் மேலே டைலை உடைப்பது குருட்டு அடி.

நேரத்தைப் பாருங்கள். தண்ணீர் வரும் குழாயில் ஓட்டை என்றால் அதற்கு இரவு பகல் கிடையாது. நீங்கள் ஊரில் இல்லாதபோதும் கசியும், யாரும் குளிக்காவிட்டாலும் கறை ஈரமாகவே இருக்கும்.

இதில் ஒரு விதிவிலக்கு உண்டு. ஷவரைத் திறந்து மூடும் வால்வுக்கும் மேலே இருக்கும் ஷவர் ஹெட்டுக்கும் இடையில் சுவருக்குள் ஒரு துண்டுக் குழாய் ஏறும். ஷவரைத் திறந்தால்தான் அதற்குள் தண்ணீர் வரும். அதனால் அது குளிக்கும்போது மட்டுமே கசிந்து, வடிகால் கோளாறு மாதிரி வேஷம் போடும்.

வடிகால் கசிந்தால் கதை வேகமாக நடக்கும். தண்ணீர் இறங்கத் தொடங்கிய சில நிமிடங்களில் கீழே சொட்டும், குளியல் முடிந்து கொஞ்ச நேரத்தில் நின்றுபோகும்.

படலம் கெட்டிருந்தால் எல்லாம் மெதுவாகவே நடக்கும். டைலுக்கு அடியில் உள்ள சிமென்ட் படுக்கை முதலில் தண்ணீரைக் குடித்து நிரம்ப வேண்டும். காலையில் ஒருவர் ஐந்து நிமிடம் குளித்தால் ஒன்றும் ஆகாது. மூன்று பேர் அடுத்தடுத்துக் குளித்த நாளில் மாலையில் கறை பெரிதாகும். குளிப்பதை நிறுத்திய பிறகும் படுக்கையில் தேங்கியது நாட்கணக்கில் வடியும். "நேற்று யாருமே குளிக்கவில்லை, இன்றும் சொட்டுகிறது, அப்படியானால் பைப்தான்" என்று அவசரப்பட்டு முடிவுகட்டுவது இந்த இடத்தில்தான்.

சுருக்கமாக: எப்போதும் ஈரம் என்றால் வரும் குழாய், உடனே சொட்டி உடனே நின்றால் வடிகால் அல்லது அந்தத் துண்டுக் குழாய், தாமதமாகத் தொடங்கித் தாமதமாக முடிந்தால் படலம், ஆளைப் பொறுத்து மாறினால் தெறிப்பு.

## சோதனை: ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் நனைக்க வேண்டும்

ஊகம் போதாது, உறுதி செய்ய வேண்டும். அதற்கு முன் இரண்டு எச்சரிக்கை. கறை மின்விளக்கு அருகில் இருந்தால் அந்த இணைப்பின் மின்சாரத்தை நிறுத்திவிடுங்கள். சீலிங் தொங்கினாலோ, மரத்தரை மிதித்தால் அமுங்கினாலோ, தண்ணீர் ஊற்றிப் பார்க்கும் வேலையே வேண்டாம். நேராக ஆளைக் கூப்பிடுங்கள்.

ஷவரைக் குறைந்தது இரண்டு மூன்று நாள் உபயோகிக்காமல் காயவிடுங்கள். பழைய ஈரத்தோடு தொடங்கினால் எந்தச் சோதனையும் பதில் சொல்லாது. கீழே கறையைச் சுற்றிப் பென்சிலால் கோடு போட்டு, தேதியும் நேரமும் எழுதி, ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.

முதல் சோதனைக்குச் செலவே இல்லை. வீட்டில் எல்லாக் குழாய்களையும் மூடுங்கள், டாய்லெட் ஃப்ளஷ் டாங்குக்குப் போகும் வால்வையும் சேர்த்து. தண்ணீர் மீட்டரின் எண்ணைக் குறித்துக்கொண்டு ஒன்றிரண்டு மணி நேரம் விடுங்கள். எண் நகர்ந்திருந்தால் எங்கோ வரும் குழாய் கசிகிறது. மீட்டர் இல்லாமல் மேல்நிலைத் தொட்டி இருந்தால், நிரப்புவதை நிறுத்திவிட்டு மட்டத்தைக் குறித்துப் பார்க்கலாம். ஆனால் சின்னக் கசிவு அதில் தெரிய நேரம் அதிகம் ஆகும்.

அடுத்தது அந்தத் துண்டுக் குழாய். ஷவர் ஹெட்டைக் கழற்றி, அந்த முனையில் ஒரு மூடியைத் திருகிவிட்டு ஷவரைத் திறந்து வையுங்கள். உள்ளே அழுத்தம் இருக்கும், டைலில் ஒரு சொட்டும் விழாது. அரைமணி நேரத்தில் கீழே ஈரம் வந்தால் சந்தேகமே வேண்டாம், குழாய்தான்.

பிறகு வடிகால். ஒரு ஹோஸின் முனையைச் சல்லடைக்குள்ளேயே நன்றாக இறக்கி, தரை நனையாமல் சில நிமிடம் தண்ணீரை விடுங்கள். கீழே சொட்டினால் வடிகால். சொட்டாவிட்டால் அதை விடுவித்துவிடலாம்.

## தரையில் தண்ணீர் கட்டி நிறுத்துவது

இதுதான் எல்லாவற்றிலும் முக்கியமான சோதனை, இதைத்தான் தப்பாகவும் செய்கிறார்கள். வடிகாலை அடைத்து, தரையில் தண்ணீரை 24 மணி நேரம் நிறுத்திப் பார்க்க வேண்டும்.

முதல் தப்பு அடைப்பதில். பல பழைய ஷவர்களின் வடிகால் இரண்டு மட்டத்தில் தண்ணீரை வாங்கும். டைல் மேல் ஓடுவது சல்லடை வழியாக இறங்கும். படலம் வரை இறங்கியது, கொஞ்சம் கீழே வடிகாலின் பக்கவாட்டில் உள்ள சிறு துளைகள் வழியாக உள்ளே வரும். சல்லடையின் மேல் ஒரு ரப்பர் விரிப்பைப் போட்டு அடைத்தீர்கள் என்றால், தண்ணீர் கிரவுட் வழியாக இறங்கி, படலத்தில் சரிந்து, அந்தத் துளைகள் வழியாக ஒழுங்காக வடிகாலுக்கே போய்விடும். மட்டம் குறையும். நீங்கள் ஒரு குற்றமும் செய்யாத படலத்துக்குத் தண்டனை கொடுத்துவிடுவீர்கள். அதனால் திருகினால் விரியும் ரப்பர் அடைப்பான் ஒன்றை வாங்கி, அந்தத் துளைகளுக்கும் கீழே குழாய்க்குள் இறக்கி இறுக்க வேண்டும்.

தண்ணீர் நுழைவு மேட்டைத் தாண்டக் கூடாது. 3 முதல் 5 சென்டிமீட்டர் போதும். ஒரு சதுர மீட்டரில் 5 சென்டிமீட்டர் நின்றாலே 50 கிலோ எடை, அதை மறந்து அதிகமாக நிரப்ப வேண்டாம். முதல் ஒன்றிரண்டு மணி நேரம் கிரவுட்டும் சிமென்ட் படுக்கையும் குடிப்பதால் மட்டம் இறங்கும். அது அடங்கியதும் மறுபடி நிரப்பி, டைலில் பென்சிலால் ஒரு கோடு போடுங்கள்.

இரண்டாவது தப்பு, ஆவியாகிப் போனதைக் கசிவு என்று நினைப்பது. இதற்கு ஒரு எளிய வழி இருக்கிறது. ஒரு வாளியில் தண்ணீர் நிரப்பி, உள்ளே மட்டத்துக்கு ஒரு கோடு போட்டு, அதே ஷவருக்குள் வையுங்கள். மறுநாள் வாளியில் இரண்டு மில்லிமீட்டர் குறைந்து தரையிலும் கிட்டத்தட்ட அவ்வளவே குறைந்திருந்தால், அது காற்றோடு போனது. வாளியில் இரண்டு, தரையில் பதினைந்து என்றால் மீதி எங்கே போனது என்று சீலிங்கைப் போய்ப் பாருங்கள். கடைசித் தீர்ப்பைச் சொல்ல வேண்டியது கீழே இருக்கும் கறைதான். அடைப்பான் ஓரமாகவும் கொஞ்சம் தப்பியிருக்கலாம்.

கறை கோட்டைத் தாண்டியதா? தரைப் படலம் கெட்டிருக்கிறது, அல்லது படலமும் வடிகாலும் சேரும் இடம் விட்டிருக்கிறது. இரண்டில் எது என்று மேலிருந்து சொல்ல முடியாது. எப்படியும் இரண்டுக்கும் தரையைத் திறந்துதான் ஆக வேண்டும்.

தரை தேறிவிட்டது, ஆனாலும் குளித்தால் கசிகிறது என்றால் மிச்சம் சுவரும் கதவும். ஹோஸில் மெல்லிய நீரை வைத்துச் சுவரின் அடிப்பகுதியிலிருந்து தொடங்கி மேலே போங்கள், ஒவ்வொரு பகுதிக்கும் கால் மணி நேரம். அடியிலிருந்து தொடங்குவதற்குக் காரணம் உண்டு: மேலே தொடங்கினால் வழிகிற நீர் கீழே உள்ளதையும் நனைத்து, எது கசிந்தது என்று தெரியாமல் போய்விடும். வால்வைச் சுற்றியுள்ள உலோகத் தட்டைத் தனியாகச் சோதியுங்கள். அதன் பின்னால் சுவரில் பெரிய ஓட்டை இருக்கும், ஓரத்தில் அடைப்புக் காய்ந்து விட்டிருக்கும். கடைசியாகக் கதவின் ஓரங்களில் அடியுங்கள்.

## கண்ணால் பார்த்தே சொல்லக் கூடியவை

சுவரும் சுவரும், சுவரும் தரையும் சேரும் மூலைகளை டார்ச் அடித்துப் பாருங்கள். கட்டடம் நாளெல்லாம் நுணுக்கமாக அசைகிறது. வெப்பத்தில் விரியும், குளிரில் சுருங்கும். கிரவுட் வளையாது, அதனால் மூலையில் நீளவாக்கில் கோடு கோடாக வெடிக்கும். மூலைகளில் வளையக்கூடிய சிலிக்கான் சீலன்ட் இருக்க வேண்டியது இதனால்தான்.

குளித்து ஒருநாள் ஆன பிறகும் அடிவரிசைக் கிரவுட் மட்டும் கருத்த ஈரமாக இருந்தால், உள்ளே படுக்கையில் தண்ணீர் தேங்கி நிற்கிறது. வெள்ளைப் பொடி படிந்திருந்தால் அது உப்புப் பூத்தல்: சிமென்டில் கரைந்த உப்பைத் தண்ணீர் சுமந்து வந்து, மேற்பரப்பில் ஆவியாகும்போது விட்டுப்போவது. தண்ணீர் இந்த வழியாகப் பலமுறை வந்துபோயிருக்கிறது என்பதற்கு அது அடையாளம். நாணயத்தால் தட்டும்போது வெற்றொலி கேட்டால் டைல் பிடிப்பு விட்டிருக்கிறது, ஆனால் அதை மட்டும் வைத்துக் கசிவு என்று சொல்லிவிட முடியாது.

வாட்டத்தையும் பாருங்கள். வடிகாலை நோக்கித் தரை சரிகிற அளவுதான் வாட்டம். மீட்டருக்குச் சுமார் 2 சென்டிமீட்டர் இருந்தால் நல்லது. தரை ஒரு பக்கம் இறங்கித் தண்ணீர் குளமாக நின்றால், அங்கே படலத்துக்கு ஓய்வே இல்லை. பிற்பாடு யாராவது கைப்பிடியோ சோப்புத் தட்டோ வைக்க ஸ்குரு அடித்திருந்தால் அந்த ஓட்டைகளையும் பட்டியலில் சேருங்கள்.

ஈரமானி, வெப்பக் கேமரா என்று கொண்டுவருபவர்கள் உண்டு. ஈரமானி மின்கடத்தும் தன்மையை அளப்பதால் உப்புப் பூத்த சுவரிலும் ஈரம் என்று காட்டலாம். வெப்பக் கேமராவுக்குத் தண்ணீர் தெரியாது, குளிர்ந்த இடம் மட்டுமே தெரியும். தேடலைச் சுருக்க உதவும், தீர்ப்புக்குப் போதாது. சாயம் கலந்து ஊற்றுவதும் அப்படியே: நிறம் கீழே வந்தால் நல்லது, வராவிட்டால் ஒன்றும் நிரூபணமாகாது, கூடவே உங்கள் கிரவுட்டும் கறைபடும்.

## இடுக்கை அடைத்தால் ஏன் நின்ற மாதிரி இருக்கிறது?

புதுக் கிரவுட் போட்டதும் உள்ளே இறங்கும் தண்ணீரின் அளவு குறைகிறது. படுக்கை நிரம்புவதற்குள் காய்ந்துவிடுவதால் கசிவு நிற்கிறது. சில மாதத்தில் மூலை மறுபடி வெடித்ததும் கறை திரும்பும். கிரவுட் மேல் பூசும் திரவ சீலரும் தண்ணீரைத் தள்ளிப்போடும், தடுத்து நிறுத்தாது. கோளாறு சுவர் மூலையிலோ வால்வுத் தட்டிலோ மட்டும் இருந்தால், பழையதைச் சுரண்டி எடுத்துவிட்டு சிலிக்கான் போடுவது சரியான வேலைதான். தரைப் படலம் போயிருந்தால் அது நாள் கடத்தும் வேலை. அதுவும் தெரிந்தே செய்தால் தப்பில்லை, நல்ல ஆள் கிடைக்கும் வரை தாக்குப்பிடிக்கலாம்.

குழாயோ வடிகாலோ என்றால் பிளம்பர். பல வீடுகளில் கீழே சீலிங் பக்கமிருந்தோ சுவரின் மறுபக்கமிருந்தோ திறந்தே சரிசெய்யலாம், டைலைத் தொட வேண்டியதில்லை. படலம் என்றால் தரையும் சுவரின் அடிவரிசைகளும் போய்த்தான் தீரும். தரை டைலை மட்டும் பெயர்த்துவிட்டு, சுவரோர மடிப்பை விட்டுவிட்டுச் செய்வது வீண். பழைய வீட்டில் உடைக்கும் முன் ஒன்று: டைலுக்குப் பின்னால் உள்ள பலகையிலோ பசையிலோ ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம் என்ற சந்தேகம் இருந்தால், ஒரு துண்டைப் பரிசோதனைக்குக் கொடுத்துவிட்டுத்தான் சுத்தியலை எடுக்க வேண்டும். அந்தத் தூசி நுரையீரலுக்குப் போகக் கூடாது.

புதுப் படலம் போட்டு அது காய்ந்ததும், டைல் ஒட்டுவதற்கு முன்னால், அதே 24 மணி நேரத் தண்ணீர்ச் சோதனையைச் செய்யச் சொல்லுங்கள். ஒருநாள் வேலை தள்ளிப்போகிறதே என்று முகம் சுளிப்பார்கள். அடைப்பானை நீங்களே இறுக்கி, கோட்டையும் நீங்களே போட்டுவிடுங்கள். மறுநாள் கீழே போய்ப் பார்த்துவிட்டு வந்த பிறகு டைல் ஒட்டலாம் என்று சொல்லுங்கள்.